ஆபீசுக்கும் குடோனுக்கும் நடுவில் செம்புக் கம்பி வேண்டாம்

கேள்வி இதுதான். மேல்விஷாரத்தில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட். முன்பக்கம் இரண்டு மாடி ஆபீஸ், பின்னால் 70 மீட்டர் தள்ளித் தகரக் கூரை போட்ட குடோன். இரண்டுக்கும் நடுவே தலைக்கு மேலாக ஒரு கேட்-6 கேபிள், அதாவது செம்பு நெட்வொர்க் கேபிள். போன ஐப்பசியில் விழுந்த ஒரே இடியில் இரண்டு நெட்வொர்க் சுவிட்சும் மூன்று கேமராவும் காலி. இப்போது எல்லாவற்றையும் புதிதாகப் போடப் போகிறார்கள். எலக்ட்ரீஷியன், ‘தனிப் பைப் எதற்கு? கரண்ட் பைப்பிலேயே இழுத்துவிடலாம், குடோனுக்குப் பழையபடி மேலேயே விட்டுவிடலாம்’ என்கிறார். கடையில் ஒரு பெட்டி கேட்-6 பாதி விலைக்குக் கிடைக்கிறதாம், வாங்கலாமா? தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிட முடியுமா?

வரிசையாகச் சொன்னால்: கரண்ட் பைப்பில் கூடவே கூடாது. குடோனுக்குச் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். பாதி விலைக் கேபிளைச் சோதிக்காமல் தொடாதீர்கள். வேலை ஞாயிற்றுக்கிழமை. காரணம் தெரிந்தால்தான் எலக்ட்ரீஷியனிடம் நின்று பேச முடியும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இடியிலிருந்து ஆரம்பிக்கலாம், பணம் போனது அங்கேதான். இடி உங்கள் கட்டடத்தின் மேலேயே விழுந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பக்கத்துக் காலி மனையில் ஒரு பனைமரத்தில் விழுந்தாலும் போதும். அந்த மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிப் பரவும்போது, விழுந்த இடத்துக்கு அருகில் மண்ணின் மின்னழுத்தம் ஒரு கணத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். தள்ளிப் போகப் போகக் குறையும். ஆபீசுக்கு ஒரு எர்த் குழி, குடோனுக்கு வேறொரு எர்த் குழி. இரண்டும் 70 மீட்டர் தள்ளி இருக்கின்றன. அந்தக் கணத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. நடுவில் இருக்கும் கேட்-6 கேபிள் இரண்டு எர்த்தையும் இணைக்கும் பாலமாகிவிடுகிறது. ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 1500 வோல்ட் வரை தாங்கும்படி தரம் வகுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வந்தால் தாங்காது. கேமராவின் உலோக உடம்பு குடோனின் இரும்புத் தூணில் நேராக முடுக்கியிருந்தால் பாதை இன்னும் சுலபம். ‘ஸ்டெபிலைசர் வைத்திருந்தோமே, எப்படிப் போச்சு?’ என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஸ்டெபிலைசர் காவல் நிற்பது கரண்ட் வழியில். இது வந்தது டேட்டா வழியில்.

நம் வேலூர் வட்டாரத்தில் இது கூடுதலாகவே நடக்கும். சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் கடப்பாறை போட்டால் பாறை. பாலாற்று ஓரத்தில் மேலே காய்ந்த மணல். இரண்டிலுமே எர்த் சரியாகப் பிடிக்காது. சித்திரை, வைகாசியில் கோடை இடி வரும்போது மண் எலும்பாகக் காய்ந்து கிடக்கும், எர்த் தடை உச்சத்தில் இருக்கும். வெயில் காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பழைய வயர்மேன்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஊற்றினால் மட்டும் போதாது, எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஒன்று முக்கியம்: கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஒரு கம்பி அடித்து, அதைக் கட்டடத்தின் மெயின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. ‘சுத்தமான எர்த்’ என்று அதற்குப் பெயர் வேறு. ஒரே கட்டடத்துக்குள் சேராத இரண்டு எர்த் இருந்தால், மேலே சொன்ன 70 மீட்டர் பிரச்சினையை ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறீர்கள். சுவிட்சுகளை மாட்டும் இரும்புப் பெட்டியான ரேக்கின் உடம்பிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் பச்சை-மஞ்சள் வயர் ஒன்றை எடுத்து, அந்தக் கட்டடத்தின் மெயின் எர்த் பட்டையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். எர்த்திங் பற்றிய இந்தியத் தரம் ஐ.எஸ். 3043. உங்கள் வயர்மேன் லைசென்ஸ் உள்ளவர் என்றால் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

ஃபைபர் இந்தப் பாலத்தையே எடுத்துவிடுகிறது. கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் போகிறது. ஆபீஸ் எர்த்தும் குடோன் எர்த்தும் என்ன சண்டை போட்டாலும் அதற்குத் தெரியாது. ஆனால் ஃபைபர் என்று பெயர் இருப்பதாலேயே அதில் உலோகம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கேபிள் டிவிக்காரர்கள் வீட்டுக்கு வீடு இழுக்கிற பல கேபிள்களில் பாரம் தாங்க எஃகுக் கம்பி ஒன்று ஒட்டியபடியே வரும். புதைக்கிற ‘ஆர்மர்டு’ வகையில் எஃகுத் தகடே சுற்றியிருக்கும். அந்த எஃகை ரேக் வரை கொண்டுவந்து இரண்டு பக்கமும் கட்டினால், செம்பை எடுத்துவிட்டு இரும்பைப் போட்ட கதைதான். உலோகமே இல்லாத, எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) குச்சி வைத்த கேபிள் கேட்டு வாங்குங்கள். எஃகு உள்ளதுதான் கிடைத்தது என்றால், கட்டடத்துக்குள் நுழையும் முன் எஃகை வெட்டி நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே எடுங்கள். எர்த் கொடுப்பதை ஒரு முனையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தேவைக்கு சிங்கிள் மோட் (நீண்ட தூரத்துக்கும் போகும் ஃபைபர் வகை), ஆறு இழை. இன்றைக்கு இரண்டு இழை போதும்தான். ஆனால் பள்ளம் தோண்டும் கூலியோடு பார்த்தால் மீதி நான்கு இழையின் விலை ஒன்றுமேயில்லை. ஃபைபரைச் சுவிட்சோடு சேர்க்க, பத்து கிலோமீட்டர் போகும் எல்.எக்ஸ். மாட்யூல் 70 மீட்டரிலும் தாராளமாக ஓடும். ஃபைபரைச் செம்பு ஈதர்நெட்டாக மாற்றும் ‘மீடியா கன்வெர்ட்டர்’ என்கிற சின்ன டப்பாக்களை விட, அந்த மாட்யூலைச் செருகும் எஸ்.எஃப்.பி. பொந்து உள்ள சுவிட்சையே நான் விரும்புவேன். கன்வெர்ட்டர் பழுதாவதை விட அதன் அடாப்டர் பழுதாவதுதான் அதிகம், அதுவும் யாரும் எட்டாத உயரத்தில். ஒற்றை இழை மாட்யூல் வாங்கினால் ஒரு பக்கம் 1310 நானோமீட்டரில் அனுப்புவது, மறுபக்கம் 1550-இல் அனுப்புவது என்று ஜோடியாக வாங்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு வாங்கிவிட்டு ‘லைட் வரலையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்த ‘லைட்’ கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அது அகச்சிவப்பு. அதனால் இழை முனையைக் கண்ணருகே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று ஒருபோதும் பார்க்காதீர்கள். பவர் மீட்டர் எதற்கு இருக்கிறது?

இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் செய்ய மிஷினோடு ஆள் வருவார். அவர் வெட்டிப் போடும் இழைத்துண்டு முடியை விட மெல்லியது. தோலில் குத்தினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும், எடுப்பது கஷ்டம். கறுப்புத் துணியோ ரெக்சினோ விரித்த மேசையில் செய்யச் சொல்லுங்கள். துண்டுகளை ஒட்டும் டேப்பில் ஒட்டி மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். அந்த மேசையில் டீ, போண்டா எதுவும் வேண்டாம். முடித்த பிறகு கை கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. அப்புறம், பழைய செம்புக் கேபிளை ‘ஸ்பேராக இருக்கட்டும்’ என்று தொங்கவிடாதீர்கள். ஃபைபரில் என்றைக்காவது ஒரு நாள் கோளாறு வரும். யாராவது நல்லெண்ணத்தில் பழையதைச் செருகிவிடுவார்கள். அடுத்த இடிக்கு வாசல் திறந்தாயிற்று.

பாதை மேலேயா கீழேயா? லாரி வந்து போகும் முற்றம் என்றால் கீழே. 40 மில்லிமீட்டர் எச்.டி.பி.ஈ. குழாய், இரண்டடி ஆழம், லாரி ஏறும் இடத்தில் மட்டும் அதன் மேல் ஜி.ஐ. குழாயோ கான்கிரீட்டோ. புதைந்த கரண்ட் கேபிளிலிருந்து ஓரடியாவது தள்ளி ஓட வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தோம். குழாய்க்குள் தண்ணீர் வரவே வராது என்று திட்டம் போடாதீர்கள்; வரும் என்று வைத்துக்கொண்டு ஜெல் நிரப்பிய வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். இரண்டு முனையையும் எலி புகாதபடி அடைக்க வேண்டும். மேலே விட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் சொந்தத் தூணில் கட்டுங்கள். ஈ.பி. கம்பத்தில் அனுமதியில்லாமல் கட்டுவது சட்டப்படியும் தப்பு; காற்றில் லைன் அறுந்து கேபிள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரி நடத்துபவர்களும் படிப்பார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்ஃபைடு போட்டு முடி நீக்குகிற இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருந்துகொண்டே இருக்கும். செம்பைக் கறுக்க வைப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆறு மாதத்தில் ஜாக்கின் உள்முனை கறுத்து, ஒரு நாள் இணைப்பு வரும், ஒரு நாள் வராது. அங்கே ரேக்கை வைக்கவே கூடாது. அலுவலகப் பக்கம் மூடிய அறையில் வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் நீர் புகாத சீல் உள்ள கனெக்டர் மட்டும் போக வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய கேபிள் குழியில் ‘ஒரு நிமிஷம்தான்’ என்று இறங்கக் கூடாது. அந்த வாயு காற்றை விடக் கனமானது, குழியின் அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வாயு அளக்கும் கருவியும் மேலே கயிறு பிடிக்க ஆளும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

சரி, கட்டடத்துக்குள் வருவோம். கரண்ட் பைப்பில் டேட்டா கேபிளை விடக் கூடாது என்றால், ‘சிக்னல் இரைச்சல்’ என்றுதான் பலரும் காரணம் சொல்வார்கள். அது இரண்டாவது காரணம். முதல் காரணம் உயிர். கேட்-6 கேபிளின் மேலுறை 230 வோல்ட்டைத் தடுக்கச் செய்யப்பட்டதல்ல. ஜி.ஐ. கம்பி போட்டு இழுக்கும்போது பைப் வளைவில் உரசி ஒரு ஃபேஸ் வயரின் தோல் உரிந்தால் போதும், அந்த 230 வோல்ட் டேட்டா கேபிளுக்கு வந்து, அதன் வழியாக ஏணி மேல் நின்று கேமராவைக் கழற்றுகிறவர் கைக்குப் போகும். தனிப் பைப், தனி ஜங்ஷன் பாக்ஸ். சுவரில் வெட்ட முடியாது என்றால் தனிக் கேசிங் கேப்பிங். கரண்ட் வயருக்கு இணையாக ஓடும் இடங்களில் ஓரடி இடைவெளி விடுங்கள்; குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். தையல் மிஷின் மோட்டார், கம்ப்ரசர் இவற்றின் வயருக்குப் பக்கத்திலேயே ஓட்டாதீர்கள். 25 மில்லிமீட்டர் பைப்பில் நான்கு கேட்-6, அதற்கு மேல் திணிக்க வேண்டாம்.

இழுப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. பதினோரு கிலோ பாரத்துக்கு மேல் இழுவிசை போனால் உள்ளே முறுக்கு கலைந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து ‘ஏலேலோ’ போட்டு இழுத்தால் கேபிள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேகம் வராது. வளைவும் அப்படியே: கேபிள் தடிமனைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறையாமல். பிளாஸ்டிக் டேக்கை இடுக்கி வைத்து இறுக்கிக் கட்டுவதற்குப் பதில் வெல்க்ரோ பட்டை.

நீளம் விஷயத்தில் 100 மீட்டர் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் 90 மீட்டர்தான் சுவருக்குள் ஓடும் கேபிள், மீதி பத்து இரண்டு முனையிலும் பேட்ச் கார்டுக்கு, அதாவது கருவியில் செருகும் சின்னக் கேபிளுக்கு. அந்த 90-உம் 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 தாண்டும்போது தகரத்துக்கு அடியில் என்ன இருக்கும் என்று கையை நீட்டினாலே தெரியும். 40 டிகிரியில் அந்த 90 மீட்டர் 84 ஆகக் குறைகிறது, 60 டிகிரியில் 75. குடோனுக்குள் நீளமான ஓட்டம் இருந்தால் இதை மனதில் வையுங்கள். சாதாரண சுவிட்சுகள் பலவும் 40 டிகிரி வரைக்கும்தான் செய்யப்பட்டவை. குடோன் ரேக்கைக் கூரைக்குக் கீழே உச்சியில் மாட்டாமல் ஆள் உயரத்தில், வெயில் படாத சுவரில், காற்றோட்டம் உள்ளதாக மாட்டுங்கள். உங்களுடையது தகரம், சரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் அதில் துளை போடவே கூடாது; அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

இப்போது பாதி விலைக் கேபிள். அது அநேகமாக அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. பெட்டியில் சின்ன எழுத்தில் ‘சி.சி.ஏ.’ என்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெட்டி கையில் தூக்கும்போதே லேசாக இருக்கும். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் கடையிலேயே மல்டிமீட்டர் வையுங்கள். 305 மீட்டர் பெட்டியின் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, மறு முனையில் அதே ஜோடியின் தடையை அளங்கள். நல்ல செம்பு, 23 கேஜ் (வயரின் தடிமன் எண்) என்றால் 40 ஓம் சுமாருக்கு வரும். தரம் அனுமதிக்கும் உச்சம் 57 சொச்சம். 60-ஐத் தாண்டினால் பெட்டியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் காட்பாடியில் வாங்கினாலும் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், உங்கள் கேமராக்களுக்குக் கரண்டும் இதே கேபிளில்தான் போகிறது. டேட்டா கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் இந்த முறைக்கு பி.ஓ.ஈ. என்று பெயர். அதில் 2003-இல் வந்த முதல் தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-இல் வந்தது 30 வாட், 2018-இல் வந்தது 90 வாட் வரை. தடை கூடினால் வழியிலேயே சூடாகி வீணாகும், கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்டிய இடத்தில் இன்னும் சூடாகும். பகலில் ஓடும் கேமரா இரவில் ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்கு எரிய ஆரம்பித்ததும் அணைந்து அணைந்து வந்தால், முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும்.

முனை போடுவதில் ஒரே ஒரு தப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டெஸ்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. எட்டு வயரையும் நிறப்படி அடுக்கும் 568-பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி மூன்றாவதிலும் ஆறாவதிலும் பிரிந்து உட்கார்வதைக் கவனியுங்கள். அவசரக்காரர் ஒருவர் ‘ஜோடி ஜோடியாக வைத்தால் என்ன?’ என்று பச்சையை மூன்றிலும் நான்கிலும் வைப்பார். இரண்டு முனையிலும் அப்படியே வைத்தால், எட்டு விளக்கு எரியும் டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும். ஆனால் 3-உம் 6-உம் முறுக்கிக்கொண்ட ஜோடியாக இருக்காது; வேறு வேறு ஜோடியிலிருந்து வந்த ஒற்றைகள். இரைச்சலை அடக்குவது அந்த முறுக்குதான். விளைவு, ஒரு கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 வரும், அல்லது பெரிய ஃபைல் அனுப்பும்போது நின்று நின்று போகும். ஒவ்வொரு பாயின்ட்டிலும் லேப்டாப் செருகி ஒரு கிகாபிட் காட்டுகிறதா என்று பார்த்து, ஒரு பெரிய ஃபைலையும் அனுப்பிப் பாருங்கள். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சுவர்ப் பக்கம் நேராக பிளக் கிரிம்ப் செய்யாமல் ஐ.ஓ. பாக்சில் (சுவரில் பதிக்கும் நெட்வொர்க் பாயின்ட்) ஜாக்கில் வயரை அழுத்திப் பஞ்ச் செய்யுங்கள். ரேக்கில் பேட்ச் பேனல், அதாவது வரும் கேபிள்கள் எல்லாம் வந்து முடியும் ஜாக் வரிசை. அசைவதும் தேய்வதும் பேட்ச் கார்டாக இருக்கட்டும், அது போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மிஷின் ஓடும்போதே வேலையா என்றால், பைப் அடிப்பது வரை செய்யலாம். சுவரைத் துளைப்பது, கரண்ட் போர்டுக்குப் பக்கத்தில் இழுப்பது, ரேக்குக்கு கரண்ட் கொடுப்பது, எர்த் சேர்ப்பது எல்லாம் மெயினை அணைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை. அணைத்தால் மட்டும் போதாது, எம்.சி.பி. பெட்டியைப் பூட்டிச் சாவியை வேலை செய்பவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டரும் யு.பி.எஸ்.சும் மறுபக்கத்திலிருந்து கரண்ட் கொடுக்கும் என்பதை மறந்துவிடுவார்கள், அவற்றையும் நிறுத்துங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்பாமல் மீட்டரில் பார்க்கட்டும், அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முதலில் உயிருள்ள ஒரு பாயின்ட்டில் பார்த்துவிட்டு. லைனுக்குப் பக்கத்தில் அலுமினிய ஏணி வேண்டாம்.

கடைசியாக கொட்டேஷன். ‘நெட்வொர்க் வேலை, மொத்தம்’ என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேபிளின் பிராண்டும் ‘முழுச் செம்பு’ என்ற வார்த்தையும், ஃபைபரில் உலோகம் இல்லை என்பதும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரு முனையிலும் ஒரே நம்பர் ஒட்டுவதும், எர்த் அளவும், ஃபைபரின் பவர் மீட்டர் அளவும், பைப் ஓடும் பாதையின் படமும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். படத்தை ஒரு பிரதி எடுத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி அந்த அளவுகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு.